பிசிபாடியா, முட்டுக்கட்டையா: சாவி தராதவரை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது?

மார்ச் 2, இரவு 9.15 (ஒரு வாசகியின் கேள்வி)

சார், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்களுக்கான அடுக்குமாடியில் இருக்கிறோம். கீழே ஒரு மண்டபம், பூப்பந்துக் கோடு போட்ட தரை. சாவி ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவரும் விளையாடுவதில்லை, பிள்ளைகளையும் விளையாட விடுவதில்லை. கேட்டால் நாளைக்கு வா என்பார். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவரை பிசிபாடி என்று எழுதலாமா? கேப்போ என்பதற்கு அதுதான் ஆங்கிலம் என்கிறாள் தோழி.

மார்ச் 2, இரவு 10.50

எழுதாதே தங்கச்சி. பிசிபாடி என்றால் தனக்குச் சம்பந்தமில்லாத வேலையை ஓடி ஓடிச் செய்கிறவர். உன் பெரியவர் ஒன்றுமே செய்யாமல் சாவியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் ஒன்றாகாது. 31 வருடம் தோட்ட ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தவன் நான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதித் தந்த கை இது. ஒரு சொல் பிசகினால் துரை புகாரை விட்டுவிட்டுப் புகார் கொடுத்தவனைக் கூப்பிட்டு விசாரிப்பார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் கணக்கு இப்படி. நம்மைப் படுத்துகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் மூக்கை நுழைக்கும், இன்னொரு ரகம் முட்டுக்கட்டை போடும். மூக்கு நுழைப்பவருக்கு ஆங்கிலத்தில் பிசிபாடி, மெட்லர், நோசி பார்க்கர். அமெரிக்கக்காரர் வாயில் பட்டின்ஸ்கி. முட்டுக்கட்டை போடுகிறவர் அப்ஸ்ட்ரக்டிவ் ஆள், ஸ்டோன்வால் பண்ணுகிறவர். முதலாமவருக்குக் கை, கால், வாய் எதுவும் ஓயாது. இரண்டாமவர் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். நடுவில் மதில் சுவரே எழுப்பலாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முட்டுக்கட்டையைப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்துவார்கள், திருப்புவார்கள். கட்டை போடுகிறவனுக்குக் கண் பிசகினால் தேர் ஏதாவது வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். தேரைக் காப்பாற்றுகிற கட்டையை நாம் திட்டுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

மார்ச் 3, காலை 6.20

படுத்தபிறகுதான் உன் ஆளுக்குச் சரியான சொல் ஞாபகம் வந்தது. டாக் இன் த மேஞ்சர். மாட்டுத்தொட்டியில் படுத்த நாய். ஈசாப் பெயரில் சொல்லப்படும் கதை. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. நம்முடைய வைக்கோற்போர் நாயேதான். இது மூக்கு நுழைப்பதும் அல்ல, வெறும் தடுப்பும் அல்ல. தனக்கு உதவாததைப் பிறருக்கும் விடாமல் வைத்திருப்பது. அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆனால் கடிதத்தில் எழுதிவிடாதே. நிர்வாகத்தில் இருப்பவர் மலாய்க்காரராக இருந்தால் நாய் என்று பார்த்ததும் கடிதத்தை மூடிவிடுவார். தமிழராக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுப் பெரியவரிடமே காட்டுவார்.

மார்ச் 3, பகல் 1.30

கேப்போ பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஹொக்கியன் சொல். பெட்டைக்கோழி என்று பொருள் சொல்வார்கள். பாசாவில் மீன் விற்கிற சீனத்தி என்னைப் பார்த்தே சொல்லியிருக்கிறாள்: பக்கத்தில் நின்றவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று எட்டிப் பார்த்ததற்காக. கோழி கிளறுகிற மாதிரிதான் அதுவும். ஆகவே உன் தோழி சொன்னது சரி. கேப்போவும் பிசிபாடியும் ஒரே குடும்பம். உன் பெரியவர்தான் அந்தக் குடும்பத்தில் இல்லை.

மலாயில் இன்னும் அழகு. சிபோக் என்றால் வேலை மும்முரம். பெஞிபோக் என்றால் ஊர் வேலையில் மும்முரமாக இருப்பவர். ஆங்கிலக்காரன் பிசி என்பதிலிருந்து பிசிபாடி செய்த அதே வழி. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மனிதர்களைப் பார்த்த கண் ஒன்றாக இருந்திருக்கிறது. இன்னொன்று ஜாகா தெப்பி காயின் ஓராங், அடுத்தவர் துணியின் ஓரத்துக்குக் காவல் இருப்பது. தோட்டத்துக் கேட்டில் நின்ற காவல்காரரை ஜாகா என்றுதானே கூப்பிடுவோம்? அந்த ஜாகாதான் இதுவும். அவருக்காவது சம்பளம் உண்டு.

தமிழில் இப்படிச் சொல் இல்லையே, அதிகப்பிரசங்கி வேறு மாதிரி ஆயிற்றே என்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, வேதக்காரர், வேலியோரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பைபிளைக் கொண்டுவந்து காட்டினார். வீண் அலுவற்காரர். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், 5ஆம் அதிகாரம். வீடு வீடாகத் திரிந்து அலப்புகிறவர்களைச் சொல்கிற இடம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் பிசிபாடி என்று டின்டேல் 1526லேயே போட்டுவிட்டார். பேதுருவின் முதல் கடிதத்தில் இன்னும் கடுமை: கொலைகாரன், திருடன், பொல்லாதவன் என்ற வரிசையில் கடைசி ஆளாக அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனை நிறுத்தியிருக்கிறது. அக்கா அந்த வரியை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

மார்ச் 3, இரவு 11.05

நோசி பார்க்கர் யார் என்று கேட்டவருக்கு: முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர். மூக்கு நீளம். தேவாலயங்களின் விவகாரங்களைத் துருவித் துருவி விசாரிப்பாராம். அதனால் வந்த பெயர். எங்கள் சின்னத்துரை ஒருவர் சொன்னது.

மார்ச் 4, மாலை 5.40

பூப்பந்து என்றதும் இன்னொரு சொல். ஆட்டத்தில் லெட் என்று கத்துகிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? விடு என்று நினைத்தால் தப்பு. பழைய ஆங்கிலத்தில் லெட் என்று இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று விடு, மற்றொன்று தடு. உருவத்திலும் ஒலிப்பிலும் இரண்டும் ஒன்றாகிப்போய், தடு என்ற லெட் மெல்லச் செத்துப்போனது. செத்தது இரண்டு மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று உங்கள் மைதானம். சர்வீஸ் வலையில் பட்டு விழுந்தால் லெட், அதாவது தடங்கல், திரும்பப் போடு. மற்றொன்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. நம் கடப்பிதழின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாட்சிமை தங்கிய பேரரசரின் பெயரால், இதை வைத்திருப்பவரை வித்தவுட் லெட் ஆர் ஹின்டரன்ஸ் தாராளமாகப் போக விடுங்கள் என்று கேட்டிருக்கும். தடையும் தடங்கலும் இல்லாமல். தடுப்பதற்கும் விடுவதற்கும் ஒரே ஒலி! உன் பெரியவர் நாளைக்கு வா என்கிற மாதிரி. வாயில் வா, கையில் பூட்டு.

மார்ச் 4, இரவு 8.15

திருத்தம். ஒரு தம்பி கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்: சர்வீஸ் வலையில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் லெட் என்பது டென்னிஸ். பூப்பந்தில் வலையை உரசிவிட்டு இடத்தில் சரியாக விழுந்தால் அது நல்ல சர்வீஸ், ஆட்டம் தொடரும். லெட் வருவது வேறு சமயத்தில்: எதிராளி தயாராகும் முன்னே சர்வீஸ் போட்டால், ஆட்டத்தின் நடுவில் பந்தின் தலை தனியாகக் கழன்றுவிட்டால், இப்படி. தம்பி சொல்வது சரி. நான் பூப்பந்து விளையாடியது தோட்டத்துச் சாலையில், செம்மண்ணில் கோடு கிழித்து, வலைக்குப் பதில் கயிறு கட்டி. கயிற்றில் பட்டதா, மேலே போனதா, கீழே போனதா என்ற சண்டைதான் ஆட்டமே. விதிப்புத்தகத்தை யார் பார்த்தார்கள்.

மார்ச் 5, காலை 7.00

இதுவும் திருத்தம்தான். பார்க்கர் கதையை வாபஸ் வாங்குகிறேன். பேராயர் செத்தது 1575இல். நோசி பார்க்கர் என்ற சொல் அச்சில் தலைகாட்டுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1907 வாக்கில் வேடிக்கைப் படம் போட்ட தபால் அட்டைகளில் வருகிறது. முந்நூறு வருடத்துக்கு மேல் யார் எழுத்திலும் சிக்காமல் ஒரு பட்டப்பெயர் ஒளிந்திருக்குமா? எங்கள் லயத்தில் காலையில் வைத்த பட்டப்பெயர் சாயங்காலத்துக்குள் அடுத்த தோட்டம் போய்விடும்.

இதே மாதிரி இன்னொரு கதையும் நான் பல வருடம் சொல்லித் திரிந்தேன். பிரெஞ்சுத் தொழிலாளிகள் சபோ என்னும் மரச்செருப்பைக் கழற்றி மெஷினுக்குள் போட்டார்கள், அதிலிருந்து வந்தது சபோடாஜ் என்று. மரச்செருப்பு உண்மை. மெஷினுக்குள் போட்டது பின்னால் சேர்த்த ஜோடனை. மரச்செருப்போடு தடதடவென்று நடப்பது, வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பது என்ற பிரெஞ்சுச் சொல் அது. 1910 ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. எந்திரத்தில் எதையாவது போடுகிற சொல்தான் வேண்டுமென்றால் ஆங்கிலேயனிடம் ஸ்பேனர் இருக்கிறது, அமெரிக்கனிடம் மங்க்கி ரெஞ்ச். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஸ்பேனரை எறிகிறவர். எங்கள் ரப்பர் ஸ்டோரில் ஒருமுறை உருளைக்குள் நிஜமாகவே ஸ்பேனர் விழுந்து அரைநாள் வேலை நின்றது. போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், என் மைத்துனன்.

மார்ச் 6, இரவு 9.30

நந்தி மாதிரி குறுக்கே நிற்காதே என்பதற்கு ஆங்கிலம் என்ன என்றொரு கேள்வி.

நேர் சொல் இல்லை, ஆனால் கருத்து ஆப்ஸ்டகிள் என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனில் அது எதிரே நிற்பது. அப்ஸ்ட்ரக்ட் என்றால் எதிரே அடுக்கிக் கட்டுவது, சுவர் எழுப்புவது. இம்பீட் என்றால் காலில் விலங்கு மாட்டுவது. ஹின்டர், பின்னால் என்ற சொல்லோடு பிறந்தது. பின்னுக்கு இழுத்து வைப்பது. இன்டர்ஃபியர் இருக்கிறதே, அது குதிரைக்காரன் சொல். ஓடுகிற குதிரையின் ஒரு கால் மற்ற காலில் தட்டுவது. மெடில் என்றால் கலக்குவது, பாட்டுக் கச்சேரியில் மெட்லி என்கிறோமே, அதன் பங்காளி. நாமும் குட்டையைக் குழப்புகிறவன் என்றுதானே சொல்கிறோம்?

நந்திக்கு வருகிறேன். திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று எட்டி எட்டிப் பார்க்க, சிவன் சொல்லி நந்தி விலகிக் கொடுத்தது. அங்கே இன்றைக்கும் நந்தி கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கும். ஒன்று கவனித்தீர்களா? நந்தி யார் வழியையும் மறிக்க வந்து உட்காரவில்லை. அது அதன் இடம். நந்தனாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது வேறு ஆட்கள். பெயர் கெட்டது நந்திக்கு.

மார்ச் 6, இரவு 9.45

மேலே இம்பீட் என்றேனே. கிறிஸ்தவக் கல்யாணத்தில் இம்பெடிமென்ட் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கால்விலங்கு இருந்தால் கல்யாணம் நிற்கும். நமக்குக் கல்யாணமே கால்கட்டு. வீட்டுக்காரி தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 7, காலை 6.45

தூங்கவில்லையாம்.

மார்ச் 7, மாலை 4.10

கிபிட்சர் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே என்று காத்திருந்தேன். எனக்குப் பிடித்தது அதுதான். சீட்டாட்டத்தில் விளையாடாமல் பின்னால் நின்று, அதைப் போடு இதைப் போடாதே என்று சொல்கிறவர். யித்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் ஜெர்மன் மொழியில் கீபிட்ஸ், ஒரு பறவையின் பெயர்.

என்ன பறவை என்று படம் தேடிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஆள்காட்டிக் குருவியின் ஒன்றுவிட்ட உறவு! இரண்டும் ஒரே பேரினம். அப்பா ஊரில், அது தஞ்சாவூர்ப் பக்கம், வயல்வெளியில் ஆள் தலை தெரிந்தால் போதும், கத்திக் கூப்பாடு போட்டு ஊரையே எழுப்பிவிடும் என்பார். யார் வந்தாலும் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி. ஜெர்மன்காரனுக்கு அந்தக் குடும்பத்துப் பறவை அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்கிற தொணதொணப்பு. தமிழனுக்குக் காட்டிக்கொடுப்பு. நாம் சுட்டுவிரலுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம்.

அப்பா அந்தப் பறவையின் கதையைச் சொல்வார், ஆனால் ஆள்காட்டி என்ற சொல்லை ஒரு ஆளுக்கு வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. 1960வரை இழுத்தது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் உயிர் போன காலம். பிசிபாடி என்று சிரிக்கிற நிலைமை அப்போது இல்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக்களத்தில் இரண்டு பேர் குசுகுசுத்தால் மூன்றாவது ஆள் தள்ளி நிற்பானாம், காதில் விழுந்துவிடக் கூடாது என்று.

மார்ச் 9, பகல் 2.20

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. முதல் குறிப்பில் மதில் சுவர் என்று பெருமையாக எழுதினேன். அந்தச் சுவரின்மேல் ஒரு மாமா ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

என் அம்மா ஏழு வயதில் கப்பலில் வந்தவர். பால்மரக் காட்டில் வாழ்நாள் முழுக்க நிரை பிடித்தும், கையில் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனு போட்டோம். லயத்தில் ஒரு மாமா இருந்தார். யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்குப் பள்ளிக்கூடம், யாருக்கு அரசாங்க ஆபீஸ் என்றாலும் கூடப் போவார். கூப்பிட வேண்டியதில்லை, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அம்மாவின் மனுப் பாரத்தையும் அவரே வாங்கிப் பூர்த்தி செய்தார். நான் அப்போது கிராணி. ஆனாலும் பெரியவர் கேட்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மனு நகரவில்லை. வருடக்கணக்கில் இல்லை, அப்புறம் வா, கோப்பு மேலே போயிருக்கிறது. கவுண்டரில் இருந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தாலே அப்பாவுக்கு ஆத்திரம் வரும். முட்டுக்கட்டை என்று பல்லைக் கடிப்பார். 1984இல் நான் கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலம், அழுத்தமான தட்டச்சு. அந்த அதிகாரியை அப்ஸ்ட்ரக்டிவ் என்று இரண்டு இடத்தில் போட்டேன். மேலிடத்துக்கு நகல்.

அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அம்மா பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர். பழைய பதிவில் இந்தியா. மாமாவின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் பிறந்ததாகப் போட்டால் சீக்கிரம் கிடைக்குமே என்று நல்ல எண்ணத்தில் மாற்றி எழுதியிருக்கிறார். இரண்டு பதிவும் முட்டிக்கொண்டதால் கோப்பு நின்றது. அந்த மனிதர் அதைப் பொய் மனு என்று மேலே தள்ளியிருந்தால் அம்மா பாடு என்ன ஆகியிருக்கும்? தள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு, யாராவது விவரம் தெரிந்தவர் வரட்டும் என்று இருந்திருக்கிறார். அதை வாய்திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம் என்பது என் வருத்தம், அது வேறு.

நீல அட்டை 1991இல் வந்தது. மாமா முதல் ஆளாக வந்து, நான் எழுதிக் கொடுத்த மனுவாயிற்றே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அம்மா எனக்குக் கண் காட்டினார், நான் பேசவில்லை.

மாமாவுக்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது, ஆஃபிஷியஸ். இதை ஆஃபீஸ், ஆஃபிஷியல் என்பதோடு குழப்பிக்கொண்டு, அதிகாரி மாதிரி நடப்பவர் என்று நானே பல கடிதத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன். கேட்காத உதவியை வலுக்கட்டாயமாகச் செய்கிறவர் என்பதுதான் முதன்மையான பொருள். 18ஆம் நூற்றாண்டில் அதைப் பாராட்டாகவும் சொல்வார்கள். ஜான்சன், அகராதி செய்தவர், செத்துப்போன தன் நண்பருக்காக எழுதிய இரங்கல் பாட்டில் அவரை ஆஃபிஷியஸ் என்று புகழ்கிறார். ஓடி வந்து உதவுகிறவர் என்ற பொருளில். அப்புறம் உதவி வாங்கியவர்கள் நம் அம்மா மாதிரி அனுபவப்பட்டிருப்பார்கள், சொல்லும் புளித்துப்போனது.

மார்ச் 9, பகல் 2.35

ஆக, தடுத்தது மூக்கு நுழைத்தவர். முட்டுக்கட்டை என்று நாங்கள் திட்டியவர் தேர் கவிழாமல் பிடித்திருந்தார். முதல் குறிப்பை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 11, இரவு 10.20

ஃபிலிபஸ்டர் கேட்டவருக்கு. டச்சு மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல், ஸ்பானிஷ் வழியாகச் சுற்றி, கடற்கொள்ளைக்காரன் என்று ஆகி, கடைசியில் அமெரிக்க செனட்டில் பேசிப் பேசியே மசோதாவை நிறுத்துகிற ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1957இல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவர் கறுப்பினத்தவரின் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். மசோதா அப்படியும் நிறைவேறியது.

எங்கள் கோயில் ஆண்டுக்கூட்டத்தில் ஒருவர் இருந்தார். கணக்கு வாசிக்கிற நேரம் பார்த்து எழுந்து, 1969இல் கோபுரத்துக்குச் சாயம் அடித்த கதையில் தொடங்குவார். சாப்பாட்டு வாசனை வரும்வரை நிறுத்தமாட்டார். வாசனை வந்ததும் கணக்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று எல்லாரும் கைதூக்குவோம். பல வருடம் அவரை அறுவை என்று நினைத்தேன். கணக்கை எழுதியவருக்கு அவர் சம்பந்தி என்று பின்னால்தான் தெரிந்தது. குறுக்குச்சால் ஓட்டுவதில் இத்தனை நயம் உண்டு.

மார்ச் 13, மாலை 6.30

தங்கச்சி கோபப்படக் கூடாது. இன்று காலை பசியாறிவிட்டு அந்தப் பக்கம் போனேன். உன் பெரியவரைப் பார்த்தேன். நான் நினைத்தது சரி, பழைய செம்பனைத் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்த்தவர். ஒரு காலத்தில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட என் மேஜைக்கு வந்தவர். உட்காரச் சொல்லி மைலோ கொடுத்தார்.

மண்டபத்துக் கரண்டு பில் அவர் பெயரில் வருகிறது. ஆரம்பத்தில் யாரும் பெயர் கொடுக்க முன்வராததால் இவர் கொடுத்திருக்கிறார். போன வருடம் பிள்ளைகள் விளக்கையும் காற்றாடியையும் போட்டபடி பூட்டிக்கொண்டு போய், அடுத்து நான்கு நாள் விடுமுறை. அந்த மாத பில் 143 வெள்ளி. யாரும் திருப்பித் தரவில்லை. பில்லை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். கேட்க வாய் வரவில்லையாம். அதனால் நாளைக்கு வா.

மார்ச் 14, காலை 8.00

அப்போது வைக்கோற்போர் நாயும் பொருந்தவில்லை. ஒன்று இருக்கிறது: ஸ்டிக்லர். கணக்கில், விதியில் ஒரு நூல் பிசகவும் விடாதவர். இன்றைக்கு அது பாதிப் புகழ், பாதி எரிச்சல். 16ஆம் நூற்றாண்டில் அது நடுவரின் பெயர். மல்யுத்தத்தில் இரண்டு பேருக்கும் இடையில் நின்று ஒழுங்கு பார்க்கிறவர். குறுக்கே நிற்பதுதான் அவர் வேலை.

கடிதத்துக்கு என் யோசனை: ஆளைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட வேண்டாம். எந்தெந்தத் தேதியில் மண்டபம் பூட்டிக் கிடந்தது, மின் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கிறது, அதைக் குழுவின் பெயருக்கு மாற்ற வேண்டும், பாக்கி 143 வெள்ளி. நான்கு வரி. நாற்பது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். அப்ஸ்ட்ரக்டிவ் என்று தட்டியபோது விரலுக்கு ஒரு சுகம் இருந்தது, உண்மை.

மார்ச் 15, இரவு 9.50

தங்கச்சியின் பதிலை அப்படியே தருகிறேன், தனியாக அனுப்பியதுதான், சம்மதம் வாங்கிவிட்டேன்: "சார், நான் சொல்தான் கேட்டேன். உங்களைப் போய்ப் பேசச் சொல்லவில்லை. இப்போது நான்தான் உங்களை அனுப்பினேன் என்று அவர் நினைக்கிறார்."

வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னாள். பெஞிபோக். பக்கத்து வீட்டு அக்கா பேதுருவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 23, காலை 9.15

மண்டபம் திறந்துவிட்டதாம், பில் பணத்தை எல்லா வீட்டிலும் பிரித்து வசூலித்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. பாசாவில் மீன் வாங்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் தள்ளி நின்று கேட்டேன்.